பாடற்குழு ஆசிரியர் பாலெஸ்திரீனா

திருப்பலியில் நம் பங்குச் சிறுவர் பாடக் கேட்டு மகிழும் நாம், அவர்களைப் பழக்கிய ஆசிரியரை எண்ணுவது அரிது. அத்தகைய ஆசிரியருள் தலைசிறந்த ஒருவரை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

1525-ஆம் ஆண்டளவில், உரோமைக்கு அருகிலுள்ள பாலெஸ்திரீனாவில் பிறந்தார் ஜொவான்னி பியர்லூயிஜி. ஊர்ப் பெயரே அவர் பெயராய் நிலைத்தது. 1537-ல் உரோமையிலுள்ள பெரிய மரியன்னைப் பேராலயத்தின் சிறுவர் பாடற்குழுவில் இருந்தார். 1544-ல் சொந்த ஊர்ப் பேராலயத்தில் ஆர்கன் வாசிக்கவும் இசை கற்பிக்கவும் அமர்ந்தார். அவ்வூர் ஆயராயிருந்து பாப்பரசரான மூன்றாம் யூலியுஸ், 1551-ல் அவரைப் புனித இராயப்பர் பேராலயப் பாடற்குழுவுக்கு அழைத்தார். 1555-ல் தமது சொந்தப் பாடற்குழுவிலும் சேர்த்துக்கொண்டார்.

அவ்வாண்டே சோதனை வந்தது. யூலியுஸ் காலமானார். அவருக்குப் பின் இரண்டாம் மார்செல்லுஸ் மூன்று வாரங்களே ஆண்டார். அடுத்து வந்த நான்காம் சின்னப்பர், மணமானவர் அக்குழுவில் இருக்கலாகாது என விதித்தார். மனைவி மக்களோடு வாழ்ந்த பாலெஸ்திரீனா, வேறு இருவருடன் வேலையிழந்தார்.

அவர் திருச்சபைப் பணியை வெறுத்து ஒதுங்கவில்லை. இலாத்தரன் பேராலயத்திலும், தாம் சிறுவனாய்ப் பாடிய மரியன்னைப் பேராலயத்திலும் பாடற்குழுவை நடத்தினார். 1566 முதல் 1571 வரை, சேசு சபையார் நடத்திய உரோமைக் குருமடத்தில் மாணவர்க்கு இசை கற்பித்தார். அவருடைய புதல்வருள் இருவர் அங்கே பயின்றனர்.

பல குரல்கள் பின்னிப் பாடும்போது செபத்தின் சொற்கள் விளங்கவில்லை என்ற குறை அன்று இருந்தது. 1563-ல் முடிவுற்ற திரிதெந்தின் பொதுச்சங்கத்திலும் இது ஆராயப்பட்டது. 1567-ல் அச்சான, மார்செல்லுஸ் பாப்பரசர் பெயர் தாங்கிய அவரது திருப்பலி இசையே பல்குரல் பாடலைத் தடையினின்று காத்தது என்பது பிற்காலக் கதை. ஆயினும், ஆறு குரல்கள் சேர்ந்தும் அதில் சொற்கள் தெளிவாய்க் கேட்பது உண்மை.

1571-ல் இராயப்பர் பேராலயப் பாடற்குழுவுக்கே திரும்பினார். 1572-க்கும் 1580-க்கும் இடையே சகோதரரையும் இரு புதல்வரையும் மனைவியையும் பறிகொடுத்தார். 1581-ல் மறுமணம் செய்துகொண்டார். துயரிலும் பணியை விடவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட திருப்பலி இசைகளை இயற்றியபின், 1594 பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளில் இறைவனடி சேர்ந்தார்.

நம் பாடற்குழுவினரே, குரலினிமையோடு சொல்லும் தெளிவாகட்டும். பீடத்தருகே நிற்பவருக்கு மட்டுமன்று, கடைசி வரிசையில் முழந்தாளிட்டிருக்கும் முதியவருக்கும் அது செபமாக வேண்டும்.