தேயாத மூட்டைத் தேடியவர்

நடப்பதும் அமர்வதும் நமக்கு எளிய செயல்கள். இடுப்பு மூட்டு தேய்ந்தவருக்கோ ஒவ்வோர் அடியும் வேதனை. அவ்வேதனையைத் தீர்க்க வழி கண்டவர் ஜான் சார்ன்லி என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர்.

அவர் 1911ஆம் ஆண்டு இங்கிலாந்தில், லங்காஷயர் பகுதியிலுள்ள பரி என்னும் ஊரில் பிறந்தார். மான்செஸ்டரில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப்போரின்போது இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்தார்.

அக்காலத்தில் செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்ட ஒருவர் அசையுந்தோறும் அம்மூட்டு கிறீச்சிட்டது. பிறருக்கு நகைப்பூட்டிய அவ்வொலி சார்ன்லிக்கு ஒரு குறையை உணர்த்தியது. உராய்வு மிகுந்தால் மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்துவிடும் அன்றோ? ஆகவே அவர் எஃகுப் பந்தைச் சிறியதாக, ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் குறுக்களவில் அமைத்தார். பந்து சிறிதானால் உராய்வின் முறுக்குவிசை குறையும். அதனை ஏந்தும் கிண்ணத்தையும் தடிப்பாக அமைக்கலாம். அவற்றை எலும்போடு இறுக்க அக்ரிலிக் சாந்தினைப் பயன்படுத்தினார்.

கிண்ணத்திற்கு அவர் தேர்ந்த பொருள் டெஃப்லான். ஒட்டாத தோசைக்கல்லின் மேற்பூச்சாக நாம் அறிந்த பொருளே அது. ஏறத்தாழ 300 பேர் அதனைப் பெற்று, வலி நீங்கி நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்தன; உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையையும் எலும்பையும் கெடுத்தன. வழுவழுப்பு வேறு, தேயாமை வேறு! சார்ன்லி தம் தோல்வியை மறைக்கவில்லை. பழுதான மூட்டுகளை அகற்றும் கடினமான பணியைத் தாமே மேற்கொண்டார்.

1962ஆம் ஆண்டு விற்பனையாளர் ஒருவர், நெசவுத்தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎத்திலீன் துண்டைக் கொண்டுவந்தார். இது பயன்படாது என்று சார்ன்லி ஒதுக்கிவிட்டார். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவனோ அதனைத் தேய்வுப்பொறியில் பொருத்தி இரவுபகலாக ஓட்டினார். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது மூன்று வாரங்களில் தேயவில்லை. வெளிநாடு சென்று திரும்பிய சார்ன்லி அதனைக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். உதவியாளரின் அந்தப் பிடிவாதத்திற்கு உலகம் கடன்பட்டுள்ளது.

எனினும் அவர் மீண்டும் ஏமாற விரும்பவில்லை. இரு பொருள்களையும் தம் தொடையிலேயே புகுத்திச் சோதித்தார். டெஃப்லான் இருந்த இடம் புடைத்தது. புதிய பொருள் அவ்வாறு செய்யவில்லை. 1962 நவம்பரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் புதிய கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார். அவர் வகுத்த மூட்டுகளுள் சில 30 ஆண்டுகளுக்கு மேலும் உழைத்தன.

1977இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது, 1982இல் மறைந்தார். தாம் பொருத்திய மூட்டு எவ்வளவு தேய்ந்தது என்பதை ஆராய்வதற்காக, இறந்தபின் அதனைத் திருப்பித்தர இசையுமாறு தம் நோயாளிகளை அவர் வேண்டியிருந்தார். பலர் இசைந்தனர்.