ரமண மகரிஷி: தப்பான டிக்கெட், மாறாத முடிவு

வேலையை விடலாமா, ஊர் மாறலாமா? எல்லாம் தெளிவானதும் முடிவெடுக்கலாம்னு தள்ளிப்போடுறீங்களா? இந்தக் கதையைப் படிங்க.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் பள்ளி மாணவன் வேங்கடராமனுக்கு வயது 16. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டார். மீதியைக் கடிதத்தோடு வீட்டிலேயே வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார்.

பழைய வரைபடத்தை நம்பித் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார். விழுப்புரத்தில் மாறணும் என்று ரயிலில் ஒருவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. காசு தீர்ந்ததும் நடந்தார். கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் கோயிலுக்குள் நுழைந்துவிட்டார்.

வலி வீட்டுக்கும்தான். 1898-ல் அம்மா அழகம்மாள் வந்து கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. 1916-ல் அம்மாதான் மகனிடம் வந்து தங்கினார். 1950-ல் மறையும்வரை அவர் அந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை.

எந்த ஊர் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. வழியைப் போகப்போகத் திருத்திக்கிட்டார்.