ஜெஃபர்சனின் நிலவறை

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவர், அந்நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவர் என்ற அளவில் தாமஸ் ஜெஃபர்சனை நாம் அறிவோம். திராட்சை மதுவை அது விளையும் மண்ணோடும் உழைப்போடும் விலையோடும் சேர்த்து ஆராய்ந்தவர் என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி. அவருடைய ஒயின் குறிப்புகளில் அவரது பெருமை, சறுக்கல் இரண்டுமே பதிவாகியுள்ளன.

1743-இல் வர்ஜீனியாவில் பிறந்த அவர், அக்காலப் பண்ணையார்களைப் போலவே மதீரா, போர்ட் போன்ற காரமான மதுவகைகளைப் பருகி வளர்ந்தவர். 1773-இல் பிலிப்போ மட்சேய் என்ற இத்தாலியர் வந்துசேர, தம் மான்டிசெல்லோ மாளிகைக்கு அருகிலேயே அவருக்கு நிலம் தந்து திராட்சை பயிரிடச் செய்தார். விடுதலைப் போரின்போது அந்த நிலம் சிறைப்பட்ட ஜெர்மானியத் தளபதி ஒருவருக்கு வாடகைக்கு விடப்பட்டது. அவருடைய குதிரைகள் இளங்கொடிகளை மிதித்து அழித்தன.

1784-இல் பாரிசுக்குச் சென்றதும் வாய்ப்பு வேறு வடிவில் வந்தது. மறுஆண்டு அமெரிக்கத் தூதராகப் பொறுப்பேற்றார். 1786-இல் அவரது வலது மணிக்கட்டு முறிந்தது. தெற்கு பிரான்சின் கனிம நீரூற்றில் குளித்தால் குணமாகும் என்ற மருத்துவ ஆலோசனையை ஏற்று, 1787 பிப்ரவரி 28 அன்று புறப்பட்டவர் மூன்று மாதங்களுக்கும் மேலாக அலைந்தார். நீரூற்றால் கை தேறவில்லை. ஆனால், பயணத்தின் உண்மையான நோக்கம் வேறு என்பதை அவர் சென்ற ஊர்களின் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும்.

பர்கண்டியில் தம் பதவியை வெளிக்காட்டாமல், பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மலைச்சரிவுகளில் நடந்தார். மண்ணின் நிறம், சரிவின் திசை, கூலி, பீப்பாயின் விலை என அனைத்தையும் எழுதிவைத்தார். பொம்மார், வொல்னே ஆகிய ஊர்களில் உழைப்பாளிகள் கோதுமை ரொட்டி உண்பதையும், பக்கத்து ஊரான மெர்சோவில் ரை என்னும் மட்டமான தானியத்தில் சுட்ட ரொட்டியே கிடைப்பதையும் கண்டு காரணம் கேட்டார். முதல் இரண்டு ஊர்களிலும் விளைவது சிவப்பு ஒயின். மெர்சோவின் கல் நிலத்தில் வெள்ளை ஒயின் மட்டுமே விளையும். அது அடிக்கடி தரம் குன்றி விற்காமல் தேங்கும். எனவே நில உடைமையாளர் கூலியாட்களின் உணவில் கைவைக்கிறார். இவ்வளவு சிறிய காரணத்தில் மனிதரின் வாழ்வு தொங்குகிறதே என்று மனம் வருந்தினார் ஜெஃபர்சன். ஒயினைப் பற்றி எழுதியவர்களில் உழைப்பாளியின் ரொட்டியைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே. அதே பயணத்தில், ஏழைகளின் குடிசைக்குள் சென்று அவர்களது பானையை எட்டிப்பார்க்குமாறு லஃபாயெத்துக்கும் மடல் எழுதினார்.

ஆல்ப்ஸைக் கடந்து தூரினில் நெபியோலோ திராட்சையின் ஒயினைச் சுவைத்தார். மதீராவின் இனிப்பும் போர்தோவின் துவர்ப்பும் ஷாம்பெய்னின் துடிப்பும் அதில் ஒருங்கே இருப்பதாக அவருக்குப் பட்டது. மே மாத இறுதியில் போர்தோவை அடைந்து, மார்கோ, லாத்தூர், ஓ-பிரியோன், லஃபீத் ஆகிய நான்கையும் முதல் தரம் எனக் குறித்தார். 1855-இல் பிரான்சில் உருவான புகழ்பெற்ற தரவரிசையின் உச்சியிலும் இதே நான்கு பெயர்கள்தாம். இதில் தீர்க்கதரிசனம் ஏதுமில்லை. வணிகர்களிடையே நிலவிய மதிப்பீட்டை அவர் கவனமாக எழுதிக்கொண்டார், அவ்வளவே. இடைத்தரகர்கள் கலப்படம் செய்வார்கள் என்று அஞ்சி, தோட்ட உரிமையாளரிடமே நேரடியாகப் புட்டிகளில் அடைத்து வாங்கும் வழக்கத்தையும் கைக்கொண்டார். மறுஆண்டு ரைன் நதிக்கரையையும் ஷாம்பெய்ன் பகுதியையும் பார்த்துவந்தார். நுரைக்கும் ஷாம்பெய்னைவிட நுரையாததையே விரும்பினார்.

நாடு திரும்பியபின், வாஷிங்டனுக்கு ஒயின் தருவித்துக் கொடுத்தார். 1801 முதல் தலைவர் மாளிகை விருந்துகளுக்குத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். 1807-இல் மான்டிசெல்லோவில் 24 ஐரோப்பிய வகைகளைச் சேர்ந்த 287 கொடிகளை நட்டார். அவை தழைக்கவில்லை. அமெரிக்க மண்ணில் வேர்களைத் தின்னும் பிலொக்சரா பூச்சியை உள்ளூர்க் கொடிகள் தாங்கும், ஐரோப்பியக் கொடிகள் தாங்கா. இந்த உண்மை வெளிப்பட்டது அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்தே.

மெர்சோவின் ரொட்டியைக் கண்ட கண், சொந்த வீட்டில் எதைக் கண்டது? வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு அவர் உடைமையாளர். மான்டிசெல்லோ உணவறைக் கணப்பின் இருபுறமும் சிறு மின்தூக்கி போன்ற அமைப்பு உண்டு, கயிற்றால் இயங்குவது. கீழே நிலவறையில் ஓர் அடிமை புட்டியை வைத்து அனுப்ப, மேலே அது விருந்தினர் முன் வந்து நிற்கும். அனுப்பிய கை யார் கண்ணிலும் படாது. விருந்தினரைவிட அந்தக் கையே அந்தப் புட்டிகளை நன்கு அறிந்திருக்கும்.

பிரெஞ்சுச் சமையல் கற்பதற்காக ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற அடிமையைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றிருந்தார் ஜெஃபர்சன். தமக்குப் பதிலாக இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்பது பின்னாளில் போட்ட நிபந்தனை. ஜேம்ஸ் தம் தம்பி பீட்டரைப் பழக்கிவிட்டு, 1796-இல் விடுதலை பெற்றார். பீட்டர் அடிமையாகவே நீடித்தார். சமைத்தார், பின்னர் பீர் வடிக்கவும் கற்றார்.

1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் மறைந்தபோது ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கடன் இருந்தது. மறுஆண்டு ஜனவரியில் மான்டிசெல்லோவின் மேசை நாற்காலிகளோடும் கால்நடைகளோடும் 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தனர். பீட்டரும் அவர்களில் ஒருவர். சுதந்திரமாக வாழ்ந்த உறவினர் ஒருவர் அவரை ஒரு டாலருக்கு வாங்கினார்.