வலது கை இல்லாத தோட்டக்காரர்

யுத்தத்தில் கையையோ காலையோ இழந்தவர்களுடன் ஒரே ஊரில் வாழ்வதாலோ என்னவோ, வீட்டுத் தோட்டம் பற்றி எழுதியவர்களுள் ஜோன் குளோடியஸ் லௌடன்தான் என் மனதில் முதலில் வருவார்.

1783இல் ஸ்கொட்லாந்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். இலண்டனுக்கு வந்து தோட்டங்களை வடிவமைத்தார். 1806இல் வந்த வாதக் காய்ச்சல் அவரை முடமாக்கியது. பின்னர் வலது கை முறிந்து, சரியாகப் பொருந்தாமல், மீண்டும் முறிந்து, 1825இல் அடியோடு அகற்றப்பட்டது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. அறுவை முடிந்ததும் கீழ்மாடிக்குப் போய் வேலையைப் பார்க்க நின்றவரைப் படுக்க வைப்பதே பெரும்பாடாகிவிட்டதாம். இடது கையிலும் இரண்டு விரல்களே உதவின. வலிக்காகக் குடிக்கப் பழகிய அபின் மருந்தையும் சிறிது சிறிதாகக் குறைத்து விட்டொழித்தார்.

அவரது பெரிய வேலைகளில் பல அதற்குப் பிறகுதான் நடந்தன. 1826இல் தோட்டக்காரர்களுக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். 1830இல் எழுத்தாளரான ஜேனை மணந்தார். செடிகளைப் பற்றி ஒன்றும் அறியாமல் வந்த ஜேன், கணவர் சொல்லச் சொல்ல எழுதியே கற்றுக்கொண்டு, 1840இல் பெண்களுக்கான தோட்டநூலைத் தானே வெளியிட்டார்.

பிரபுக்களின் பூங்காக்களோடு நின்றுவிடாமல், நகர்ப்புறச் சிறுவீட்டுக்காரருக்காக 1838இல் லௌடன் ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு செடியும் தன் முழு உருவத்தில் வளர வேண்டும், ஒன்றோடொன்று முட்டக்கூடாது என்பது அவரது கொள்கை. மீள்குடியேறிய வளவுகளில் செவ்வரத்தையையும் குரோட்டனையும் வேலியோரம் நெருக்கி நட்டிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அன்று புற்றரையைப் பனி காயுமுன் அரிவாளால் வெட்டுவார்கள். 1830இல் எட்வின் படிங் உருவாக்கிய புல்வெட்டும் இயந்திரத்தைத் தன் சஞ்சிகையில் வரவேற்றவரும் லௌடனே. எங்கள் கோடைக்குப் புற்றரை சரிவராது என்பது வேறு கதை.

பிரித்தானியாவில் வளரும் மரங்களையும் பற்றைகளையும் பற்றி எட்டுத் தொகுதிகள் வெளியிட்டதில் சுமார் 10,000 பவுண் கடன் ஏறியது. அதை அடைக்கத்தான் கடைசிவரை உழைத்தார். 1843 டிசெம்பர் 14 அன்று, நுரையீரல் நோய் முற்றிய நிலையில், நின்றபடியே உயிர் பிரிந்தது. இளம் தோட்டக்காரர்கள் தாமாகப் படிப்பதற்கான ஒரு நூல் அப்போது முடியாமல் இருந்தது. மீதிக் கடனும் மகளும் ஜேனின் பொறுப்பாயின.