இலத்தீன் படித்தவர் தெருத்தமிழுக்கு இலக்கணம் செய்தார்

இலக்கணம் என்றதும் எழுந்து ஓடுகிறவர்கள் நம் தோழர்களிலே ஏராளம். தறியடியிலும் வண்டிப்பேட்டையிலும் நாள் முழுதும் உழைத்து வருகிறவனிடம் வேற்றுமை எட்டு, எச்சம் இரண்டு என்று தொடங்கினால், அது புலவர் வீட்டுச் சரக்கு, நமக்கேன் என்கிறான். அவன் மீது குற்றமில்லை. அப்படி எண்ணும்படி அவனைப் பழக்கியவர்கள் மீதுதான் குற்றம். கோரிப்பாளையத்துத் தோழன் வாய் திறந்து பேசுகிறானே, அந்தப் பேச்சுத் தமிழுக்கென்றே தனி இலக்கண நூல் ஒன்றை எழுதினார் ஒருவர். எழுதியவர் இந்த மண்ணிலே பிறந்த புலவரல்லர், இத்தாலி நாட்டுப் பாதிரியார்!

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது பிறந்தபோது இட்ட பெயர். வீரமாமுனிவர் என்றால் நாடறியும். 1680-ல் வட இத்தாலியிலே பிறந்தார், ஏசு சபையிலே சேர்ந்தார், 1710-ல் கோவாவிலே கரை இறங்கினார், மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். 1606-ல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி வேரூன்றச் செய்த மிஷன் அது. வந்த நோக்கம் மதம் பரப்புவது. அதை நாம் மறைக்கவில்லை, மறைக்க வேண்டியதும் இல்லை. நாம் பேசப்போவது அவர் கற்ற மொழிகளைப் பற்றி.

அந்நாள் ஐரோப்பாவிலே பாதிரியாராக வேண்டுமானால் இலத்தீன் கற்றே தீரவேண்டும். பாடம் இலத்தீன், வாதம் இலத்தீன், பூசை இலத்தீன். ஆனால் வீட்டிலே தாய் சோறிடும்போது இலத்தீன் பேசமாட்டாள். கடையிலே காய் வாங்க இலத்தீன் உதவாது. கோயிலிலே மட்டும் கொலுவீற்றிருந்த மொழி! (இப்படி ஒரு மொழியை நம் நாட்டிலும் தோழர்கள் பார்த்திருக்கக்கூடும்.) அதைப் பிள்ளைகள் பிரம்படிக்கு நடுங்கியபடி ஈற்றெழுத்துகளை உருப்போட்டுத்தான் கற்றனர்.

எப்படி என்று கேட்கலாம். உயரமான பொருளுக்கு இலத்தீனில் 'ஆல்டுஸ்'. அதைவிட உயரமானால் 'ஆல்டியொர்'. எல்லாவற்றிலும் உயரமானால் 'ஆல்டிஸ்ஸிமுஸ்'. சொல்லின் வாலை மாற்றினால் அளவு மாறிவிடும். இந்தப் பழக்கத்தோடு தமிழுக்கு வருகிறவன் திகைக்கிறான். நமக்கு உயரம் என்றால் உயரம்தான். அந்தச் சொல் வளைவதில்லை, நெளிவதில்லை. வைகைப் பாலத்தைவிடக் கோபுரம் உயரம் என்கிறோம். ஒப்பிடும் வேலையைப் பாலத்தின் மீது ஏற்றிய உருபும் 'விட' என்ற சொல்லும் பார்த்துக்கொள்கின்றன.

இதிலே ஒரு வியப்பும் உண்டு. செந்தமிழிலே 'விட' கூட வேண்டாம். கோபுரத்தின் உயர்ந்தது மலை என்றால், கோபுரத்தைக் காட்டிலும் மலை உயரம் என்று பொருள். ஐந்தாம் வேற்றுமை 'இன்' அதைச் செய்கிறது. இலத்தீனிலும் அதே வழி உண்டு! நீங்கலைக் காட்டும் வேற்றுமையிலே பெயரை நிறுத்தினால் போதும், ஒப்புமை பிறந்துவிடும். எந்த உறவும் இல்லாத இரு மொழிகள், ஆயிரக்கணக்கான கல் தொலைவிலே ஒரே தந்திரத்தைக் கண்டுபிடித்திருக்கின்றன.

வினைக்கு வருவோம். காலமும் இடமும் காட்டாமல் வினையை மட்டும் சொல்லும் வடிவம் இலத்தீனிலே 'அமாரே', அதாவது நேசிக்க. நேசித்திருக்க என்பதற்கு 'அமாவிஸ்ஸே', நேசிக்கப்பட என்பதற்கு 'அமாரி' என்று அதற்கும் வகைவகையாக வடிவங்கள். நம் தமிழிலே 'செய்ய' என்ற எச்சம் ஒன்றே. ஆனால் அந்த ஒன்று எத்தனை வேலை பார்க்கிறது பாருங்கள்! நெய்ய வந்தான் என்றால் நோக்கம். மழை பெய்யக் கண்மாய் நிறைந்தது என்றால் காரணம். பொழுது விடியப் புறப்பட்டான் என்றால் காலம். பழைய இலத்தீன் நடையிலே நெய்ய வந்தான் என்று சொல்ல இந்த எச்சம் உதவாது, வேறு வாக்கியம் கட்டவேண்டும். ஆகவே இலத்தீனிலே தேர்ந்தவர் தமிழுக்கு வந்தால், கற்றதைப் பாதி மறந்தாக வேண்டும்.

பெஸ்கி அந்தப் பாட்டைப் பட்டார். பட்டதை, பின்னால் வருகிற பாதிரிமாருக்காக இலத்தீனிலேயே எழுதி வைத்தார். செந்தமிழுக்கு ஒரு நூல், கொடுந்தமிழ் என்ற பேச்சுத் தமிழுக்கு ஒரு நூல். கொடுந்தமிழ் நூல் 1738-ல் தரங்கம்பாடியிலே அச்சேறியது. அச்சிட்டவர்கள் யார்? லுத்தரன் மிஷனார்! அவர்களைத் தாக்கி நூலே எழுதியவர் பெஸ்கி. இருந்தும் எதிரியின் இலக்கணம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஏன் என்றால், சந்தையிலும் வயலிலும் இருக்கிற மக்களிடம் போகவேண்டியவனுக்கு அவர்கள் பேச்சுதான் வழி. ஏட்டிலே ஏறத் தகுதியற்றது என்று இகழப்பட்ட உழைப்பாளியின் பேச்சுக்கும் விதி உண்டு, ஒழுங்கு உண்டு என்று அச்செழுத்திலே காட்டிய நூல் அது.

தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், 1732-ல் சதுரகராதி என்று மற்றவை பலரும் அறிந்தவை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற 5 சீடர்களோடு அலையும் பரமார்த்த குருவின் கதையை நம் தோழர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று நாம் காணும் வேறுபாட்டை எழுத்திலே அமைத்தவரும் அவரே. ஓலையிலே புள்ளி குத்தினால் ஓலை கிழியும். புள்ளியை விட்டால் குறிலும் நெடிலும் குழம்பும். அந்தக் குழப்பத்தை முடித்தார். எழுத்தைத் தொட்டால் மொழி சாகும் என்று பெரியாரின் சீர்திருத்தத்தை எதிர்த்தவர்கள், அது 1978-ல் அரசாணையாகும் வரை, தாங்கள் எழுதிய ஏகாரம் யார் தந்தது என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். திருக்குறளை இலத்தீனிலே தந்தவர், அறத்தையும் பொருளையும் தந்துவிட்டு இன்பத்தை விட்டுவிட்டார். துறவிக்குக் கூச்சம் போலும்! வள்ளுவருக்கு இல்லாத கூச்சம் மொழிபெயர்த்தவருக்கு வந்ததை நாம் ஒப்பவில்லை.

1747-ல் மறைந்தார். 1968 ஜனவரியில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையிலே அவருக்குச் சிலை எழுந்தது. வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன் நிற்கும் அதே வரிசையிலே அவரும் நிற்கிறார்.