பூச்சி ஒட்டிய குறிப்பேடு

கணினி நிரல் பிழைத்தால் 'பக்' என்கிறோம். அந்தச் சொல்லை உருவாக்கியவர் கிரேஸ் ஹொப்பர் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல, எடிசன் காலத்திலேயே அது புழக்கத்தில் இருந்தது.

1906இல் நியூயோர்க்கில் பிறந்தவர், யேலில் கணிதக் கலாநிதி. போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த அவரை 1944இல் ஹாவர்டின் மார்க் 1 கணினிக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு, அதே இயந்திரத்தில்தான் வொன் நொய்மன் அணுகுண்டுக்கான கணக்கொன்றைப் போட்டார். நாகசாகியில் விழுந்தது அந்த வகைக் குண்டு. ஹொப்பரைப் புகழும் கட்டுரைகளில் இதை நான் அதிகம் காண்பதில்லை. குண்டுவீச்சுக்குள் வாழ்ந்த எங்களால் அதைத் தாண்டிப்போக முடியாது.

1947 செப்டெம்பர் 9. மார்க் 2 பிழைத்தது. தேடிப் பார்த்தால் 70ஆம் இலக்க ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி. இயக்குநர்கள் அதை எடுத்து, குறிப்பேட்டில் டேப்பால் ஒட்டி, நேரத்தையும் எழுதிவைத்தார்கள். கண்டெடுத்தவர் ஹொப்பர் அல்லர். கதையை ஊரெல்லாம் சொன்னவர் அவர்தான். எப்போது, எந்த இடத்தில், எதனால்? மென்பொருள் முடங்கும்போது இன்றைய குழுக்கள் தேடுவதும் இவற்றைத்தான்.

1952இல் முதல் கம்பைலர்களில் ஒன்றை உருவாக்கினார். கோபோல் மொழிக்கும் அவரது வேலையே அடித்தளம். 79 வயதில்தான் கடற்படையிலிருந்து இறுதியாக ஓய்வுபெற்றார். 1992இல் காலமானார். குறிப்பேடு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பூச்சியோடு.