மரவிமானமும் பருவமழையின் மீது விழுந்த பழியும்

1932-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபாலுடன் பம்பாய்க்கு ஓட்டிவந்த பஸ் மாத் விமானம், ஜெஃப்ரி டி ஹாவிலண்டின் நிறுவனத்தில் உருவானது. 1882-இல் இங்கிலாந்தின் ஹை விக்கம் அருகே பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். ஆம்பூருக்குத் தோல் எப்படியோ, நாற்காலிக்குப் பெயர்பெற்ற அவ்வூருக்கு மரம் அப்படி.

தாய்வழிப் பாட்டனார் தந்த 1,000 பவுனில் முதல் விமானத்தைக் கட்டினார். இறக்கைத் துணியைத் தைத்தவர் மனைவி லூயி. 1909 டிசம்பரில் அது இறக்கை முறிந்து விழுந்தது. மறு ஆண்டு செய்தது பறந்தது. 1920-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். பூச்சிகளை ஆராய்வதில் விருப்பமுடையவர் என்பதால் விமானங்களுக்கு விட்டில்களின் பெயரைச் சூட்டினார்.

இரண்டாம் உலகப்போரில் அவர் போட்ட கணக்கு, பொருளியல் மாணவனான என்னை இன்றும் வியக்கவைக்கிறது. அலுமினியம் அரிதாகும், மரமும், மரச்சாமான் தொழிலாளரின் கைத்திறனும் பயன்படாமல் கிடக்கும். அதிகாரிகள் பலர் ஐயுற்றபோதும், 1940 நவம்பர் 25 அன்று மரத்தாலான மஸ்கிட்டோ பறந்தது. மொத்தம் 7,781 விமானங்கள் உருவாயின. ஹை விக்கம் பட்டறைகளும் உறுப்புகள் செய்து கொடுத்தன.

அதன் உடல், இரு மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்த அடுக்கு. பால்சா மிக மென்மையானது. போல்ட்டை நேரே இறுக்கினால் நசுங்கிவிடும். எனவே துளையிட்டு, அதில் கடினமான கட்டையைப் பசையிட்டுப் பொருத்தி, அதன் ஊடே போல்ட்டைச் செலுத்தினர். துளை சற்றே பெரிதானால் போல்ட் ஆடி ஆடித் துளையை நீளமாக்கும். சிறிதானால் மரம் வெடிக்கும். செருப்பு வாருக்குத் துளை போடும் நம் பகுதித் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பசைக்கும் இதே விதிதான். பரப்புகள் இம்மியும் பிசகாமல் பொருந்தாவிடில் பசை பிடிக்காது. 1944 அக்டோபரில் இந்தியாவில் மஸ்கிட்டோக்கள் சில நடுவானில் இறக்கை சிதைந்து விழுந்தன. ஆராய வந்த நிறுவனக் குழுவுக்குத் தலைவர் ஜெஃப்ரியின் தம்பி ஹியர்வர்ட். நம் பருவமழையில் மரக்கட்டமைப்பு சுருங்கியதே காரணம் என்றது அக்குழு. பின்னர் பிரிட்டனில் நடந்த ஆய்வில், மழைக்காலத்தையே காணாத விமானங்களிலும் அதே குறை தெரிந்தது. ஹாட்ஃபீல்டு, லீவ்ஸ்டன் ஆலைகளின் ஒட்டுவேலைதான் பழுது. தம்பியே நடுவராக வந்தால் மழைதான் குற்றவாளியாகும். பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் உற்பத்தியில், இறுதியாகப் பொருத்துமிடத்தின் பொறுப்பை எவரும் எளிதில் ஏற்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி ஏற்றுமதிக் காலணி திரும்பிவரும்போதும் முதலில் விரல் நீள்வது, வீட்டில் மேல்பாகம் தைக்கும் பெண்ணை நோக்கித்தான்.

ஜெஃப்ரி தந்த விலை பெரிது. மகன் ஜான் 1943-இல் மஸ்கிட்டோ மோதலிலும், மூத்த மகன் ஜெஃப்ரி 1946-இல் சோதனைப் பறப்பிலும் இறந்தனர். லூயி 1949-இல் மறைந்தார். அவர் 1965 வரை வாழ்ந்தார். அதற்குள், 1950-களில், பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் உரிமம் பெற்றுக் கட்டிய அவருடைய வாம்பயர் ஜெட் விமானத்தின் முன்னுடலும் அதே ஒட்டுப்பலகை, பால்சா அடுக்கில்தான் அமைந்திருந்தது.